அம்மாவுக்காக வாங்கிய அறுபத்தைந்து அங்குலம்

எங்கள் சொந்தக்காரர்கள் எட்டு நாடுகளில் இருக்கிறார்கள். அந்த எட்டு நாட்டுக்காரரையும் ஒரே நேரத்தில், ஒரே படத்தின் முன்னால், பதினொரு நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு இருக்க வைத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லத்தான் போகிறார்கள். கனடாவில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்டால் நடித்தே காட்டுவார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டீவியை அம்மாவுக்காக வாங்கினேன் என்றுதான் இன்றுவரை வெளியில் சொல்லி வருகிறேன். உண்மையில் எனக்காகத்தான் வாங்கினேன். (பக்கத்தில் இருந்து இதை எட்டிப் பார்க்கும் என் மனைவி, இது தெரியாத ஆட்கள் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று கேட்கிறாள்.)

விஷயம் இதுதான். என் தங்கச்சி துஷிக்கு ரொறன்ரோவில் கலியாணம் சரிவந்தது. அப்பா செத்துப் பல வருடம். அம்மாவும் நானும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஐந்தாம் மாடி ஃபிளட்டில் இருந்தோம். இரண்டு பேரும் வீசாவுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு பேருக்கும் இல்லை என்று பதில் வந்தது. அம்மா திரும்பி வருவார் என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம். அந்தக் கடிதத்தை அம்மா என்னைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். பிறகு மடித்து, சாமிப் படங்கள் இருக்கிற அலுமாரிக்குள் வைத்தார். ஒரே பெண்பிள்ளை, அவளுடைய தாலிகட்டைப் பார்க்க வழியில்லை. அன்றைக்கு அம்மா சமைக்கவில்லை. நான் கடையில் கொத்துரொட்டி வாங்கி வந்தேன், அதையும் அவர் தொடவில்லை.

துஷி போனில் அழுதாள். அழுது முடிய ஒரு கட்டளை போட்டாள். கலியாணத்தை நேரடியாக இணையத்தில் விடப்போகிறார்கள், அதற்கு ஒரு வீடியோக்காரரைப் பிடித்தாயிற்று என்றாள்.

"அண்ணா, அந்தப் பழைய டீவியைத் தூக்கி எறி. நல்லதா ஒண்டு வாங்கு. தாலி கட்டேக்க என்ர முகம் அம்மாவுக்கு வடிவாத் தெரியோணும். அவ்வளவுதான் நான் உன்னட்டக் கேக்கிறது."

அவள் சொன்னதில் முதல் வசனம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கேம் கொன்சோலோடு குந்திவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் கொட்டாஞ்சேனையில் இருந்து ரிஸ்வி வருவான். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி, கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவன். இரண்டு பேரும் கால்பந்து கேம் விளையாடுவோம். நான் தோற்பேன். எங்கள் வீட்டில் இருந்தது முப்பத்திரண்டு அங்குலப் பழைய டீவி. அதில் வீரர்களின் முதுகில் இருக்கிற இலக்கம் கலங்கலாகத்தான் தெரியும். ஆகவே என்னுடைய தோல்விகளுக்கெல்லாம் அந்த டீவிதான் காரணம் என்று நான் நீண்ட நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். (அதே டீவியில்தான் ரிஸ்வியும் விளையாடினான் என்பதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. ரிஸ்வி மரியாதை தெரிந்தவன்.)

துஷியின் கட்டளை கிடைத்த அன்றே ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டேன். மூன்று கிழமை நடந்த ஆராய்ச்சி. பஸ்ஸில் வீடியோ, சாப்பிடும்போது வீடியோ, அலுவலகத்தில் மேலதிகாரி கதைக்கும்போது மேசைக்குக் கீழே வீடியோ. ஏ.எல். பரீட்சைக்கு நான் இதில் பாதி படித்திருந்தால் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருப்பேன். ரெசலூஷன் என்றால் படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. பழைய டீவியில் பத்து இலட்சம் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. ஃபுல் எச்டியில் இருபது இலட்சம். ஃபோர் கேயில் எண்பது இலட்சத்துக்கும் மேலே. எயிட் கே என்று ஒன்றும் இருந்தது. அதைப் பற்றியும் நான் இரண்டு நாள் தூங்காமல் யோசித்தேன். நல்லவேளை, அந்த அளவு கொழும்புக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். அவர் உளுந்து களைந்துகொண்டே கேட்டார். எல்லாம் கேட்டு முடிய, "முகம் தெரிஞ்சாக் காணும் தம்பி, அது போதும்" என்றார். எண்பது இலட்சம் புள்ளியைப் பற்றி ஒருவன் தொண்டை வரளக் கதைத்த பிறகு இப்படி ஒரு பதில்.

கடைக்கு ரிஸ்வியையும் இழுத்துக்கொண்டு போனேன். காலி வீதியில் இரண்டு மாடிக் கடை. விற்பனையாளர் ஒரு சிங்களப் பொடியன், என்னைவிட நாலைந்து வயது குறைந்தவன். முதலில் டீவியைக் காட்டவே இல்லை. கேள்வி கேட்டான். ஹோல் எவ்வளவு பெரிது, உட்கார்ந்து பார்க்கிற செட்டியில் இருந்து சுவருக்கு எத்தனை அடி, யார் பார்ப்பது, என்ன பார்ப்பது. பத்தடி என்றேன். அம்மா செய்தியும் நாடகமும் பார்ப்பார், நான் கேம் விளையாடுவேன் என்றேன். அவன் உடனே நாற்பத்து மூன்று அங்குல ஃபுல் எச்டி ஒன்றின் மேல் கையை வைத்தான். நான் மூலையில் நின்ற அறுபத்தைந்து அங்குல ஃபோர் கேயைக் காட்டினேன்.

"ஓன நே அய்யே" என்றான். தேவையில்லை அண்ணா என்று அர்த்தம்.

உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத சொல் எந்த மொழியில் வந்தாலும் அதுதான். சின்ன வயதில் குடை தேவையில்லை என்று அம்மா சொன்னால் நல்ல வெயிலிலும் கொண்டு போவேன். பொடியன் பாவம், வந்த ஆளுக்குப் பெரியதை விற்காமல் பொருத்தமானதைச் சொன்ன ஒரே ஒரு விற்பனையாளன். அவனை நான் தொழில் தெரியாதவன் என்று முடிவுகட்டினேன்.

ரிஸ்வியும் அவன் பக்கம் சாய்ந்தான். "மச்சான், அவர் சரியாத்தான் சொல்றார். ஒன்ட கொன்சோல் ஃபோர் கேயில ஓடினா வேகம் கொறயும். ஃபுல் எச்டியில விட்டா வழுக்கிக்கிட்டு ஓடும். கேமுக்கு வேகம்தான் முக்கியம். பத்தடி தள்ளி ஈந்து பாக்கிற ஒனக்கு இந்தப் புள்ளியெல்லாம் எங்க தெரியப்போகுது?"

இரண்டு பேர் சேர்ந்து எதிர்த்தால் பிறகு பின்வாங்க முடியுமா? ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் யாருக்கும் பதில் சொல்ல முடியாத ஆயுதத்தை எடுத்தேன். "இது எனக்கில்லை. அம்மா தங்கச்சின்ர தாலிகட்டைப் பாக்கிறதுக்கு" என்றேன். ரிஸ்வி அதோடு விட்டுவிட்டான். விற்பனையாளனுக்கு ரிஸ்வி அதைச் சிங்களத்தில் சொன்னதும் அவனும் முகம் மாறி, பெட்டியை எடுக்க உள்ளே போனான். அந்தப் பொய்யை நினைத்தால் எனக்கு இப்பவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டீவி வீட்டுக்கு வந்தது. லிப்டுக்குள் போகவில்லை. ஐந்து மாடியும் படியால் தூக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு கதவு திறந்து, என்ன சாமான் என்று விசாரித்து, உள்ளே போனது. ஹோலுக்குள் வைத்த பிறகுதான் தெரிந்தது, அது சுவரில் பாதியை எடுத்ததோடு சாமி அலுமாரியின் இரண்டு கதவில் ஒன்றைத் திறக்கவும் விடவில்லை. அம்மா அன்றில் இருந்து பக்கவாட்டாக நுழைந்து, பிள்ளையாருக்கு மட்டும் விளக்கு வைத்தார். மறைந்திருந்த முருகனிடம் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டார்.

முதல் நாள் மாலை அம்மா செய்தி பார்க்க உட்கார்ந்தார். உள்ளூர் அலைவரிசையில் வருகிற படம் ஃபோர் கேயும் இல்லை, ஃபுல் எச்டியும் இல்லை. சின்னப் படத்தை இழுத்து இழுத்துப் பெரிய திரைக்கு விரித்தால் என்ன வரும்? செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக வந்தது. அம்மா கொஞ்ச நேரம் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"பழைய டீவியில இந்தப் பிள்ளை வடிவாய் இருந்தவள். ஏதும் காய்ச்சல் வருத்தமோ?" என்றார்.

கேம் என்றால் அற்புதம். மைதானத்தின் புல்லை எண்ணலாம். முதலாவது மாட்சில் நான் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், ரிஸ்வி ஐந்து கோல் அடித்தான். வேகமும் அவன் சொன்ன மாதிரியே குறைந்திருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அம்மா கேட்ட கேள்வி மனதைக் குடைந்தது. துஷியின் முகமும் இப்படிச் சதுரமாக வந்தால்? அந்த இடத்தில் எந்தப் புத்தியுள்ள மனிதனும் பெரிய டீவி வாங்கியது பிழை என்று நினைப்பான். நான் வேறு விதமாக யோசித்தேன். டீவியில் பிழை இல்லை, வருகிற படத்தில்தான் பிழை. ஆகவே படத்தைத் திருத்த வேண்டும்.

ரொறன்ரோ வீடியோக்காரரின் நம்பரைத் துஷியிடம் வாங்கினேன். தமிழ் ஆள்தான், தங்கமான மனிதர். தான் வழமையாக ஃபுல் எச்டியில்தான் நேரடியாக விடுவதாகவும் அதுவே தெளிவாக இருக்கும் என்றும் சொன்னார். நான் ஃபோர் கே கேட்டேன். மண்டபத்து இணையம் தாங்குமோ தெரியாது என்றார். நான் விடவில்லை. காலையில் ஒரு குரல்பதிவு, இரவு படுக்க முன்னம் ஒரு குரல்பதிவு என்று பத்து நாள் அனுப்பினேன். ஒன்று நாலு நிமிடம் நீளம். அதற்கும் அசையாமல் போகவே, கடைசியாக இப்படிக் கேட்டேன்: "உங்களிட்ட ஃபோர் கே கமரா இல்லையோ அண்ணை? இல்லாட்டிச் சொல்லுங்கோ, பரவாயில்லை."

எந்தத் தொழில்காரரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அடுத்த நிமிடமே தன்னுடைய மூன்று கமராவையும் படம் எடுத்து அனுப்பினார். ஃபோர் கேயில்தான் விடப்போவதாகவும் எழுதினார். கலியாணத்துக்கு முதல் நாள் வெறும் மண்டபத்தில் சோதித்துப் பார்த்தார்களாம், கண்ணாடி மாதிரி இருந்ததாம். நான் வென்றுவிட்டேன் என்று ரிஸ்விக்குச் சொன்னேன். அவன் "ஹ்ம்" என்றான்.

கலியாண நாள் வந்தது. அங்கே காலை, எங்களுக்கு மாலை. தாலி கட்டும் நேரம் எங்கள் கணக்குக்கு ஏழு மணியளவில். அம்மா ஐந்து மணிக்கே தயார். மண்டபத்துக்குப் போகிறவர் மாதிரியே பட்டுச்சேலை, கையில் காப்பு, கழுத்தில் இருக்கிற சங்கிலி எல்லாமும். பத்தடி ஹோலுக்குள் இருபத்துமூன்று பேர். கொட்டாஞ்சேனைச் சொந்தம், பக்கத்து ஃபிளட்காரர், கீழ் வீட்டு ரீச்சர், ரிஸ்வி. டீவிக்கு முன்னால் அம்மா நிறைகுடம் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் அறுகரிசி. தாலி கட்டியதும் அறுகம்புல்லும் அரிசியும் தூவி வாழ்த்துவது எங்கள் வழக்கம். மகளின் தலையில் போட முடியாவிட்டால் டீவியில் தெரிகிற தலையிலாவது போடுவேன் என்று அம்மா முடிவு செய்திருந்தார். எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தார். ரிஸ்வியும் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

படம் வந்தது. உண்மையைச் சொன்னால் அப்படியொரு படத்தை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை. துஷி மணவறைக்கு வந்தாள். சேலையில் ஒவ்வொரு சரிகையும் தெரிந்தது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். ரீச்சர் "ஐயோ, பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் ரிஸ்வியைத் திரும்பிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் சரியாக இருந்த நாற்பது நிமிடம் அதுதான், அதை இப்பவும் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

விருந்தினர் வரத் தொடங்கினார்கள். முதல் நாள் வெறுமையாக இருந்த மண்டபத்துக்குள் நானூறு பேர். நானூறு பேரின் போனும் மண்டபத்து வைஃபையில் தொங்கியது. ஐயர் தாலியைத் தட்டில் எடுத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட அனுப்பினார். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி மணவறைக்குத் திரும்பியது. கமரா கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு வந்தது. அவர் தும்மப் போனார். கண் செருகி, வாய் திறந்து, மூக்கு விரிந்தது.

படம் அப்படியே நின்றுவிட்டது.

நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. அந்த வட்டத்துக்குப் பின்னால், ஐந்தடி அகலத்துக்கு, எண்பது இலட்சம் புள்ளியில், சித்தப்பாவின் மூக்கு. ஒவ்வொரு மயிரும் துல்லியம். இருபத்துமூன்று பேரும் அறுகரிசியை ஓங்கியபடி நின்றார்கள். போடலாமா, போடக்கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்தில் ஓடிய எழுத்துகளில் உலகம் கதைக்கத் தொடங்கியது. இலண்டனில் நிற்குது. பாரிசில் நிற்குது. சிட்னியில், ஒஸ்லோவில், சாவகச்சேரியில் நிற்குது. எங்கள் வீட்டுக் கோளாறு இல்லை என்று எனக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் அரை நிமிடம்கூட இருக்கவில்லை. வீடியோக்காரர் மிகவும் பண்பாக எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவித்தல் போட்டார்: "மணமகளின் அண்ணா கொழும்பில் இருந்து விரும்பிக் கேட்டபடியால் ஃபோர் கேயில் அனுப்புகிறோம். மண்டபத்து இணையம் தாங்கவில்லை. மன்னிக்கவும்."

ரீச்சர் அதை உரத்து வாசித்தார். பள்ளிக்கூடப் பழக்கம். ஹோலில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு நாட்டுச் சொந்தக்காரரில் ஒருவர் என் பெயரைப் போட்டு ஒரு வசனம் எழுதினார், அதை ரீச்சரே வாசிக்காமல் விட்டார்.

அப்போது அம்மா மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார். "தம்பி, தாலி கட்டிப்போட்டாங்களோ?"

"இல்லையம்மா, இன்னும் இல்லை" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் கையில் இருந்த அரிசி விரலிடுக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் இதை அம்மாவுக்காக என்று சொல்லி எனக்காக வாங்கினவன், அம்மாவின் பெயரைச் சொல்லிக் கடைக்காரனை மடக்கினவன். அழுகை வந்தது என்று சொல்லவும் வெட்கமில்லை. ஆனால் நான் அழுகிற ஆள் இல்லை, திருத்துகிற ஆள். "ரெண்டு நிமிஷம் தாங்கோ" என்று சொல்லிவிட்டு டீவிக்குப் பின்னால் நுழைந்தேன்.

பிழை ரொறன்ரோ மண்டபத்தில். நான் வெள்ளவத்தையில் டீவியின் முதுகுக்கும் சாமி அலுமாரிக்கும் நடுவில் வயிறு நசிய நின்றுகொண்டு திருத்தினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். டீவியை நிறுத்திப் போட்டேன். அதுவும் சரிவராமல், வைஃபை பெட்டியை ஒரேயடியாக அணைத்தேன். அணைத்துவிட்டுப் பத்துவரை எண்ண வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கவனமாக, நிதானமாக எண்ணினேன். பெட்டி திரும்ப உயிர் பெற இன்னும் சில நிமிடம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க ஒரு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியில் ஏதோ சத்தம், நாற்காலி அரைபடும் சத்தம், பிறகு அமைதி. எல்லாரும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது. டீவி உயிர்த்தது. படம் ஓடியது.

"இந்தா, வந்திட்டுது" என்று வெளியே தலையை நீட்டினேன்.

ஹோலில் ஒருவரும் இல்லை. இருபத்துமூன்று பேர் இருந்த இடத்தில் கதிரைகளும் நிறைகுடமும்தான். திரையில் துஷியும் மாப்பிள்ளையும் கழுத்தில் மாலையோடு, தாலியோடு, எல்லாரின் காலிலும் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வீடியோக்காரரின் புதிய அறிவித்தல்: ஃபுல் எச்டிக்குக் குறைத்துவிட்டோம், இனித் தடங்கல் இராது. அதாவது நான் திருத்தியதால்கூட அது வரவில்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். படிக்கட்டில், நாலாம் மாடி வரைக்கும், எங்கள் ஆட்கள். நடுப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய சின்னப் போன், மூலை வெடித்தது. பக்கத்தில் ரிஸ்வி தன்னுடைய போனை மாடிச் சாளரத்துக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். மேல்படிகளில் நின்றவர்கள் தூவிய அரிசியும் அறுகம்புல்லும் அவன் தலை முழுக்க.

நடந்ததைப் பிறகு ரிஸ்விதான் சொன்னான். மண்டபத்தில் துஷிக்குப் பக்கத்தில் தோழியாக நின்றவள் எங்கள் கௌசி மச்சாள். படம் நின்றதைக் கேள்விப்பட்டு, மண்டபத்து வைஃபையை விட்டுத் தன்னுடைய போனின் சொந்த இணையத்தில் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்திருக்கிறாள். அம்மா எடுத்து முகத்தைப் பார்க்கவும், நான் வைஃபை பெட்டியை அணைக்கவும் சரியாக இருந்திருக்கிறது. கோல் அறுந்தது. ரிஸ்வி உடனே தன் போனின் இணையத்தை அம்மாவின் போனுக்குக் கொடுத்திருக்கிறான். எங்கள் ஹோலுக்குள் சிக்னல் பிடிக்காது. "ஆன்ட்டி, வெளிய வாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். பின்னாலேயே மற்ற இருபது பேரும். என்னைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். "கூப்பிட்டேன் மச்சான். நீ எண்ணிக்கிட்டு ஈந்த."

அம்மா தாலிகட்டைப் பார்த்துவிட்டார். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை.

படியில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். படம் தெரிந்ததா என்றும் கேட்டேன். கலங்கலாகத்தான் தெரிந்தது என்றார். துஷி எந்தப் பக்கம், கௌசி எந்தப் பக்கம் என்று முதலில் பிடிபடவில்லையாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"டீவியில எண்டா நான் மட்டும்தான் அவளைப் பாத்திருப்பன். இதில அவளும் என்னைப் பாத்தவள். மாப்பிள்ளை முடிச்சுப் போடேக்க அவள் அங்கால இங்கால பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தவள்."

ரிஸ்வி சாளரத்தில் இருந்து கையை எடுக்காமலே நின்றான்.

துஷி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் குடும்ப வட்சப் குழுவின் படம் மாறியிருந்தது. பழைய குத்துவிளக்குப் படத்துக்குப் பதிலாக, தும்மப்போகும் சித்தப்பா. இன்றுவரை அதுதான் இருக்கிறது. அந்த மனிதர் ஒருமுறை கொழும்புக்கு வந்தபோது என்னைப் பார்க்க வேண்டும் என்று வீடு தேடி வந்தார். அந்தத் தும்மல் பிறகு வரவே இல்லையாம். அதற்குப் பிறகு நடந்த எங்கள் வீட்டுக் கலியாணங்கள் எல்லாவற்றிலும் வீடியோக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, கொழும்பில் இருந்து யாராவது உங்களோடு கதைத்தார்களா என்பதுதான்.

கொன்சோலை அந்தக் கிழமையே ஃபுல் எச்டிக்கு மாற்றினேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. செட்டியில் இருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதை ரிஸ்வியிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது. (தோல்வி மட்டும் எந்த ரெசலூஷனிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.)

நாலு வருடம் கழித்து எனக்குக் கலியாணம், பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில். துஷிக்கு அப்போது எட்டாம் மாதம். பிளேன் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். நேரடி ஒளிபரப்புக்கு நான் ஒழுங்கு செய்தேன், சாதாரண ஃபுல் எச்டி, தனி இணைய இணைப்பு, இரண்டு தரம் சோதனை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். தாலி கட்டும் நேரம் தன்னுடைய போனைத் தூக்கிக்கொண்டு நேரே மணவறைக்கு ஏறினார். விலகச் சொல்லி வீடியோக்காரர் கெஞ்சினார். "நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, எனக்கும் கமராவுக்கும் நடுவில் அசையாமல் நின்றார். போனின் அந்தப் பக்கத்தில், ரொறன்ரோவில், துஷி.

ஆகவே எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் என் மனைவி இருக்கிறாள், ஐயர் இருக்கிறார், தாலி இருக்கிறது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் முழங்கையும் போனும். உற்றுப் பார்த்தால் அந்தப் போனுக்குள் கலங்கலாக ஒரு பெண் அழுதுகொண்டு சிரிக்கிறாள். இருக்கிற நூற்றைம்பது படத்தில் அந்த ஒன்றைத்தான் அம்மா சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள்.

"அவன் டீவிக்குப் பின்னால நிக்கிறான்" என்பார் அம்மா.